பதினோரு நிமிடப் பிணம்

என் தலையில் மிச்சமிருக்கும் பதினேழு முடிகள் மீது சத்தியம், மேல்வரிசையில் எனக்கே சொந்தமான நான்கு பற்கள் மீது சத்தியம், நான் சொல்லப்போவதில் ஒரு எழுத்து பொய் கிடையாது. இந்த ஏகாம்பரம் கதை அளப்பான் என்று சாலிகிராமத்தில் எவன் சொன்னாலும் நம்பாதீர்கள், அளக்கிறவன் அவன்தான். போன செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றே காலிலிருந்து பதினொன்று இருபத்தாறு வரைக்கும் நான் செத்துக் கிடந்தேன். வளசரவாக்கத்தில் ஒரு ஷூட்டிங் பங்களா, அதன் ஹாலில் கண்ணாடி மூடி போட்ட ஐஸ் பெட்டி, அதற்குள் பட்டு வேட்டி, ரோஜா மாலை, நெற்றியில் ஒட்டிய ஒரு ரூபாய் நாணயம் சகிதம் நான். செல்போனில் பார்க்கிறார்களே, வெப் சீரிஸ், அதற்காக. பதினோரு நிமிடம், ஒரே ஷாட், நடுவில் வெட்டு கிடையாது. அசையாமல் கிடந்துவிட்டேன் என்றால் நான்காவது எபிசோட் முழுக்க எனக்கு. செத்தவருடைய பழைய கதை. நடந்து, உட்கார்ந்து, வாயைத் திறந்து வசனம் பேசலாம். அசைந்தேன் என்றால் அத்தனையும் தணிகாசலத்துக்கு. அவன் வாசல்படி ஓரமாக அதே பட்டு வேட்டியில், அதே மாதிரி நாணயத்தை நெற்றியில் ஒட்டிக்கொண்டு, உபரிப் பிணமாக டீ குடித்துக்கொண்டிருக்கிறான். இருபத்திரண்டு வருஷமாக நான் டிவி சீரியலில் இருக்கிறேன், தெரியுமா? பாதி நாள் சுவரில் மாலை போட்ட போட்டோவாக, பாதி நாள் பிணமாக. இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. ஒரு இருமல்கூடக் கொடுக்கவில்லை. அந்தப் பதினோரு நிமிடம் என் மண்டைக்குள் ஓடியதை அப்படியே சொல்கிறேன், கேளுங்கள்.

டைரக்டர் ஆதிரையின் குரல் "ஆக்‌ஷன்" என்கிறது, மூடிய கண்ணுக்குள் இருட்டு சிவப்பாகிறது, லைட் என் முகத்துக்கு வந்துவிட்டது, இனி மார்பில் மூச்சு கூடாது. இடது விலாவுக்குக் கீழே நாலணா அகலத்துக்கு ஒரு இடம் இருக்கிறது, அங்கே மட்டும் மூச்சு விடு, அதுதான் நம் தொழில் ரகசியம், அதைப் பழகுவதற்குள் ஒரு நிஜ டாக்டர் என் நாடியைப் பிடித்துப் பார்த்துக் கையை விரித்துவிட்டு என் பெண்டாட்டி கோமளாவைக் கூப்பிட்டு ஆறுதல் சொல்லியிருக்கிறார். மூக்கைப் பற்றி நினைக்காதே. நினைக்காதே என்று சொன்னவன் யார், இதோ அரிக்கிறது. ரோஜா இதழ் ஒன்று உதட்டோரம் உட்கார்ந்திருக்கிறது, ஆதிரை சொன்னாள், முப்பது வயதுகூட இருக்காது, "சார், செல்போன்ல பார்க்கிறவங்க டிவி ஆடியன்ஸ் மாதிரி இல்ல. நிறுத்துவாங்க. விரலை வச்சு இழுத்துப் பெருசு பண்ணுவாங்க. உங்க மூக்குல ஒரு ரோமம் ஆடினாக்கூட வட்டம் போட்டு ஊருக்கே அனுப்பிடுவாங்க" என்று. எனக்கா வட்டத்தைப் பற்றிச் சொல்கிறாய் அம்மா, அந்தச் சிவப்பு வட்டத்துக்குள் குடியிருந்தவன் நான். முன்பெல்லாம் பிணம் இரவு எட்டரைக்குச் சாகும், ஒன்பது மணிக்கு மறந்துபோகும். பிணமாகக் கிடந்துகொண்டே தொடையைச் சொறிந்திருக்கிறேன், ஒரு தடவை கேமராவுக்கு நேராகக் கொட்டாவியே விட்டிருக்கிறேன், மறுநாள் பக்கத்து வீட்டு அம்மாள் "சாவு சீனு ரொம்ப இயற்கையா இருந்துச்சுங்க" என்றாள். அப்புறம் சீரியலைத் தூக்கி இணையத்தில் போட ஆரம்பித்தார்கள். டொராண்டோவிலோ எங்கேயோ குளிரில் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்த ஒரு புண்ணியவதி என் வயிறு ஏறி இறங்குவதைப் பார்த்து, நிறுத்தி, வட்டம் போட்டு, அம்புக்குறி போட்டு, பின்னால் ஒரு குத்துப்பாட்டும் போட்டு அனுப்பிவிட்டாள். நாற்பது லட்சம் பேர். நாற்பது லட்சம் பேர் என் தொப்புளைப் பார்த்துச் சிரித்தார்கள் ஐயா. சீரியல்காரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா, வீட்டில் கிடத்தியிருந்த பிணம் நான், மறுநாள் சுடுகாட்டுக்குப் போன பிணம் தணிகாசலம். திரைக்குக் கீழே எழுத்து ஓடுகிறது, "இவருக்குப் பதில் இவர்." உலகத்திலேயே பாடை ஏறின பிறகு ஆள் மாறின பிணம் நான் ஒருவன்தான். கொள்ளி வைக்கிற நேரத்தில் தணிகாசலம் லேசாகச் சிரித்தான், அது மட்டும் எவள் கண்ணிலும் படவில்லை.

என்னமோ உறுமுகிறதே. முதுகுக்குக் கீழே. டுர்ர்ர் என்று. இரு, இரு, மூடியைச் சாத்தின மாசிலாமணி என்ன செய்தார், ஐஸ் பெட்டி வாடகைக்கு விடுகிறவர், பத்தொன்பது வருஷமாக ஊர்ப் பிணத்துக்கெல்லாம் பெட்டி கொண்டுபோகிறவர், மூடியைச் சாத்தினார், துண்டால் கண்ணாடியைத் துடைத்தார், என் கால்மாட்டில் நின்று கைகூப்பி "போய்ட்டு வாங்கய்யா" என்றார், பழக்கதோஷம், அப்புறம் சுவர் ஓரமாகப் போனார், 'டக்' என்று ஒரு சத்தம். அடப்பாவி. ஸ்விட்ச். போட்டுவிட்டான். கை தானாகப் போயிருக்கும், பத்தொன்பது வருஷக் கை அல்லவா. நடிப்புப் பிணத்துக்கு நிஜ ஐஸ். சொல்லலாம். வாயைத் திறந்து "மாசிலாமணி, நிறுத்துய்யா" என்று இரண்டு சொல் சொல்லலாம். சொன்னால் ஷாட் போச்சு, இருபத்திரண்டு வருஷத்தில் நான் பேசின முதல் வசனம் அதுவாக இருக்கும், அதற்கப்புறம் வசனமெல்லாம் தணிகாசலத்துக்கு. சவுண்டு பார்க்கிற பெனடிக்ட் இருக்கிறானே, அவனுக்குக் கேட்காமலா இருக்கும், ஒரு எறும்பு ஏப்பம் விட்டால்கூட ஹெட்போனைக் கழற்றிவிட்டு முறைக்கிறவன். அந்தக் காலத்தில் அழுகிற சீனிலேயே "அண்ணே, ரெண்டு போண்டா, சட்னி தனியா" என்று கத்துவோம், எல்லாம் பிறகு டப்பிங்கில் சரியாகும். இப்போது அப்படியே நேரடி ஒலி. பெனடிக்ட் நிறுத்துவான். இதோ நிறுத்தப்போகிறான். நிறுத்தவில்லையே. (அப்புறம் தெரிந்தது, அவன் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினானாம், "அசல் பெட்டி சத்தம், சூப்பர்" என்று.) பிட்டத்தில் ஏறுகிறது குளிர். மெதுவாக, மரியாதையாக, வீடு பார்க்க வந்தவன் மாதிரி ஒவ்வொரு அறையாக.

குளிரை நினைக்காதே, வேறு எதையாவது நினை, முதல் போட்டோவை நினை. நான் என்ன நடிக்கவா போனேன், ஒரு சீரியல் ஆபீசில் மின்விசிறி மாட்டப் போனேன், ஏணியில் நிற்கிற என்னை அண்ணாந்து பார்த்த டைரக்டர் "யோவ், உம்ம மூஞ்சியில செத்தவன் களை இருக்குய்யா, இறங்காதே" என்று சொல்லி ஏணி மேலேயே போட்டோ எடுத்தார். மறுவாரம் மாலையோடு சுவரில். ஆயிரத்து நூற்று நாற்பத்து மூன்று எபிசோட். எனக்கு முன்னால் நின்று எத்தனை சத்தியம், எத்தனை சபதம், மூன்று மருமகள்கள் தாலியைக் கழற்றிக் காட்டினார்கள், இரண்டு பேர் துப்பாக்கியை என் பின்னால் ஒளித்தார்கள். வியாழக்கிழமை ரேட்டிங் வரும், ரேட்டிங் இறங்கினால் வெள்ளிக்கிழமை காலையில் வசனகர்த்தா வேப்பமரத்தடியில் உட்கார்ந்து கதையை மாற்றுவார், நல்லவள் கெட்டவளாவாள், கெட்டவள் கர்ப்பமாவாள், என்னை மட்டும் எவரும் மாற்றவில்லை, நான் செத்தவன், எனக்கு வேலை நிரந்தரம். எட்டரை மணி ஆனால் எங்கள் தெருவில் பதினெட்டு வீட்டிலிருந்தும் ஒரே பாட்டு, தெருமுனையில் நுழைந்து என் வீட்டுக்கு நடந்து வருவதற்குள் ஒரு வரிகூட விடாமல் முழு சீனையும் கேட்டுவிடலாம். ரேஷன் கடையில் ஒரு அம்மாள் என்னைப் பார்த்து, கையிலிருந்த பையை நழுவவிட்டு, "ஐயையோ, மாமனாரு பாமாயில் வாங்குறாரு!" என்று அலறினாள், வரிசையே கலைந்தது, எனக்குச் சீக்கிரம் எண்ணெய் கிடைத்தது. எல்லாரும் பார்த்தார்கள். ஆனால் எவரும் கேட்டதில்லை. என் குரல் எப்படி இருக்கும் என்று கோமளாவைத் தவிர இந்த உலகத்துக்குத் தெரியாது. அது நல்ல குரலா. தெரியவில்லையே. கொஞ்சம் கட்டையோ. நாலாவது எபிசோடில் நான் பேச ஆரம்பித்து, பெனடிக்ட் ஹெட்போனைக் கழற்றிவிட்டால்?

கோமளா. அவள் பார்க்கிற விதம்தான் எனக்குப் பயம், டொராண்டோக்காரிகூட அப்புறம்தான். முன்பு சீரியல் ஓடும்போது அடுப்பில் பால் பொங்கினால்கூட எழுந்திருக்காதவள், இப்போது செல்போனைச் சுவரில் சாய்த்து வைத்துக்கொண்டு வெங்காயம் உரிக்கிறாள், ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டு, எல்லாரும் அணில் மாதிரி பேசுகிறார்கள், அதுவும் போதாமல் கட்டைவிரலால் டக் டக் என்று தட்டுகிறாள், தட்டினால் பத்து வினாடி தாவுகிறது. போன வருஷம் ஒரு சீரியலில் நான் செத்தேன். ஆவலாகப் பக்கத்தில் உட்கார்ந்தேன். டக். டக். என்னை எடுத்து, சுட்டு, சாம்பலைக் கரைத்து, பதினாறாம் நாள் வடை போட்டுவிட்டார்கள். "ஏய், அது நான்டி" என்றேன். "தெரியுதுங்க, நீங்க எப்பவும் அதேதானே பண்ணுவீங்க, சும்மாத்தானே படுத்திருப்பீங்க" என்றாள். முப்பத்தெட்டு வருஷம் குடித்தனம் நடத்தினவனைப் பத்து வினாடியில் தாண்டிப் போகிறாள் ஐயா. வாயைத் திறந்து பேசினால் தாண்டுவாளா. என் குரல் கேட்டால் கட்டைவிரல் நிற்குமா. ஆதிரை ஒரு வரைபடம் காட்டினாள், எந்த நிமிடத்தில் எத்தனை பேர் எழுந்து போனார்கள் என்று கம்பெனிக்குத் தெரிந்துவிடுகிறதாம், மலை மாதிரி ஏறி, சறுக்குமரம் மாதிரி இறங்குகிறது. "முதல் ஏழு நிமிஷத்துல ஒரு சாவு விழலைன்னா போயிடுவாங்க சார்." அதனால்தான் எங்களுக்கு நல்ல காலம். முன்பு இருநூறு எபிசோடுக்கு ஒரு சாவு, அதற்கும் மூன்று ஜோசியரைக் கேட்பார்கள். இப்போது எந்தக் கதையைத் தொட்டாலும் தொடக்கத்தில் ஒரு பிணம். தணிகாசலம் போன மாதம் மட்டும் ஒன்பது முறை செத்தான், ஒருநாள் காலையில் தாம்பரத்தில் தூக்கு, சாயங்காலம் கிணற்றில். ஆனால் அவனுக்கும் வசனம் கிடையாது. அந்தப் படிக்கட்டில் அவன் டீ உறிஞ்சுகிற சத்தம் இங்கே கேட்கிறது, காலையில் என் காதோரம் குனிந்து "அண்ணே, பதினோரு நிமிஷம் உங்களால முடியாது, புரோஸ்டேட் இருக்கு, இப்பவே எழுந்து போயிடுங்க, மரியாதையா இருக்கும்" என்றான், "டேய் தணிகா, உன் பாடையில நான் படுத்திருந்தாக்கூட உன்னைவிட நல்லா படுப்பேன்டா" என்றேன், அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம், இப்போது பாருங்கள், அந்த உபாதையும் ஞாபகத்துக்கு வந்துவிட்டது.

எத்தனை நிமிடம் ஆயிற்று. நாலு இருக்குமா. குளிர் இப்போது முதுகெலும்பில் படிப்படியாக ஏறுகிறது, கழுத்துக்கு வந்துவிட்டது, கீழ்வரிசை செட்டுப் பல் தானாக டகடக என்று தாளம் போடப் பார்க்கிறது, நாக்கை முட்டுக்கொடுத்து அழுத்து, அழுத்து, அட, செட்டே மெல்ல நழுவுகிறதே. ஒரு வேளை இது நிஜமாக இருந்தால். இப்படித்தானே இருக்கும். வெளியே நடக்கிறவர்கள் காலடி, யாரோ யாரையோ சாப்பிட்டாயா என்று கேட்பது, கேபிளைத் தாண்டுவது, நமக்கு மட்டும் குளிர், அதையும் சொல்ல முடியாது. கோமளா அழுவாளா, டக் என்று தட்டிவிடுவாளா, பத்து வினாடி, பதினாறாம் நாள் வடை. சீ, வடை நன்றாக வருமா, அவள் போட்டால் வரும், கொஞ்சம் மிளகு தூக்கலாக. அதற்குள் என் கண்ணாடி மேல் தொப்பென்று ஒரு பாரம். மகளாக நடிக்கிற ரேணு விழுந்துவிட்டாள், இது ஐந்தாவது நிமிடத்தில் என்று எழுதியிருக்கிறது, அப்படியென்றால் இன்னும் ஆறு இருக்கிறது, கடவுளே. "அப்பா... என்னைப் பாருங்கப்பா..." நல்ல பெண், இடைவேளையில் எனக்கு அங்கிள் அங்கிள் என்று முறுக்கு கொடுத்தாள். அழுகிறாள், விம்முகிறாள், சட்டென்று நிறுத்துகிறாள். ஏன் நிறுத்துகிறாள். என் முகத்துக்கும் அவள் முகத்துக்கும் நடுவில் ஒரு கண்ணாடி கனம்தான். பார்த்துவிட்டாள். நான் நடுங்குகிறேன். பார்த்துவிட்டாள், போச்சு, ஷாட்டை நிறுத்தப்போகிறாள், தணிகாசலம் டம்ளரைக் கீழே வைக்கிறான். அம்மா தாயே, நிறுத்தாதே. அவள் நிறுத்தவில்லை ஐயா. ஒப்பாரியிலேயே சேர்த்துவிட்டாள். "அப்பா, உங்களுக்குக் குளிர் தாங்காதேப்பா! மார்கழியில மஃப்ளர் இல்லாம வாசலுக்குக்கூட வரமாட்டீங்களேப்பா! யாராவது அந்த ஸ்விட்சை அணைங்களேன்! ஐயா, பெட்டிக்காரரே, எங்கப்பாவுக்குக் குளிருதுய்யா, அணைங்கய்யா!" அப்படி ஒரு வேண்டுதல். கல்லும் கரையும். கரைந்தது, யாரும் அசையவில்லை. ஆதிரை மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்கிறது. பெனடிக்ட் தேம்புகிறான். ஸ்விட்சுக்குப் பக்கத்திலேயே நின்ற மாசிலாமணி துண்டை வாயில் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாராம், ஸ்விட்ச் மட்டும் அணையவில்லை. நிஜத்தைச் சொன்னால் நடிப்பு என்று ரசிக்கிறார்கள். ரேணு (இது அப்புறம் மானிட்டரில் பார்த்தது) உள்ளங்கையை என் மூக்குக்கு நேராகக் கண்ணாடியில் வைத்து அழுத்திக்கொண்டாள், தலைமுடியை விரித்து என் மோவாயை மறைத்தாள், அப்படியே ஒரு நிமிடம், இரண்டு நிமிடம், அப்புறம் அண்ணன்காரன் வந்து அவளைத் தூக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது, தூக்கிவிட்டான், நான் தனி. ஏகாம்பரம், இடது விலா. நாலணா அகலம். வசனம். என்ன வசனம் இருக்கும். "உட்காருங்க" என்பதாக இருந்தாலும் போதும். "தண்ணி கொடும்மா." அதுகூட வேண்டாம், "ம்" என்றாலும் போதும், கேட்கிற மாதிரி ஒரு "ம்". ம். ம். ம். அதைச் சொல்லிக்கொண்டே கிடந்தேன், மனசுக்குள், எத்தனை தரம் என்று தெரியாது.

"கட்!" கைதட்டல். மூடியைத் திறந்தார்கள், என்னை உட்காரவைத்து நான்கு போர்வை போர்த்தினார்கள், மாசிலாமணி காலில் விழுந்தார், "பழக்கதோஷம் ஐயா, கை போயிடுச்சு" என்று. ஆதிரை அவசரமாக மானிட்டருக்குப் போய் ஓடவிட்டுப் பார்த்தாள், நிறுத்தினாள், விரலால் இழுத்துப் பெரிதாக்கினாள். நான் போர்வையோடு எழுந்து போய் எட்டிப் பார்த்தேன். ரேணு கையை எடுத்த பிறகு, எட்டாவது நிமிடம், என் மூக்குக்கு நேரே கண்ணாடியின் உள்பக்கம் ஒரு சின்ன வெள்ளை மேகம். பூக்கிறது, மறைகிறது. மறுபடியும் பூக்கிறது. என் மூச்சு. குளிர்க் கண்ணாடி என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டது. "சாரி சார்," என்றாள் ஆதிரை, அவள் குரலில் நிஜமாகவே வருத்தம். தணிகாசலம் எழுந்து வேட்டியை உதறிக் கட்டினான். "நான் சொன்னேன்ல அண்ணே. சரி, பெட்டி எப்படி, வசதியா இருந்துச்சா?" என்றான். பேசுகிற பழக்கம் எனக்குச் செட்டுக்குள் கிடையாது. அப்போது ரேணு மானிட்டரைப் பார்த்துக்கொண்டே, "மேம், இதைப் பார்த்தா நான் என்ன நினைப்பேன் தெரியுமா? இந்தாளு சாகவே இல்லன்னு" என்றாள்.

ஆதிரை திரும்பவில்லை. மறுபடியும் ஓடவிட்டாள். மேகம் பூத்தது. "சாகலைன்னா?" என்றாள், தனக்குத்தானே. "எட்டு எபிசோடும் எழுதி ரெண்டு வருஷம் ஆச்சு மேடம், பைண்டு பண்ணியாச்சு" என்றான் பெனடிக்ட். "பைண்டைப் பிரிச்சிடலாம்," என்றாள். "நாம ஒண்ணும் சொல்ல வேண்டாம். இதை அப்படியே விடுவோம். எவளாவது நிறுத்துவா, பெருசு பண்ணுவா, வட்டம் போடுவா. டைரக்டர் தப்புப் பண்ணிட்டான்னு ஊரே சிரிக்கட்டும். எத்தனை பேர் திரும்பத் திரும்பப் பார்ப்பாங்க! சிரிச்சு முடிச்சதும், எட்டாவது எபிசோட்ல, அந்த வாசல் வழியா இவரு நடந்து வரட்டும்." தணிகாசலம்தான் முதலில் வாயைத் திறந்தான். "யோவ், செத்தும் கெடுக்கறீரு, சாகாமலும் கெடுக்கறீரே" என்று நெற்றி நாணயத்தைப் பிய்த்து என் கையில் வைத்தான்; அவன் கண்ணில் சிரிப்பு இருந்தது, சத்தியமாக இருந்தது. நாலாவதும் எனக்கு, எட்டாவதும் எனக்கு. நேற்று எட்டாவதுக்கான வசனத்தை எடுத்தார்கள். வாசல்படியில் நின்று நான்கு வார்த்தை. முதல் டேக்கிலேயே. பெனடிக்ட் ஹெட்போனைக் கழற்றாமல் இரண்டு கையாலும் காதோடு அழுத்திக்கொண்டான். என் குரல் கட்டைதான். ஆனால் ஹாலின் கடைசிச் சுவர் வரைக்கும் போய்த் திரும்புகிறது. அந்த நான்கு வார்த்தை என்னவென்று கேட்காதீர்கள், அதை மட்டும் சொல்லமாட்டேன். கோமளாவிடமே சொல்லவில்லை. பதினோரு பக்கத்தில் இங்கிலீஷ் பத்திரம் ஒன்றில் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள், கதை வெளியே போனால் என்னை என்னென்னவோ செய்வார்களாம், படித்துப் பார்க்கவில்லை, பயமாக இருந்தது. தீபாவளிக்கு வருகிறது. நீங்கள் பாருங்கள், நிறுத்திப் பாருங்கள், வட்டம் போடுங்கள், நாற்பது லட்சம் பேரோடு சேர்ந்து என்னைப் பார்த்து நன்றாகச் சிரியுங்கள், ஒரு வார்த்தை மறுக்கமாட்டேன். அந்த ஆள் உயிரோடு இருக்கிறான் என்று உங்களுக்கு எப்படித் தெரியும் என எவனாவது கேட்டால், நீங்களே யோசித்துக் கண்டுபிடித்த மாதிரி மோவாயைத் தடவிக்கொள்ளுங்கள். ஏகாம்பரம் என்று ஒரு ஆள் இருப்பதே உங்களுக்குத் தெரியாது. நான் இன்றைக்கு உங்கள் வீட்டுக்கு வரவுமில்லை, இந்தக் காபியைக் குடிக்கவுமில்லை. டம்ளரைக் கழுவி வைத்துவிடுங்கள்.